வால்முனைக்காரி

இருபத்து மூன்று குளிர்காலம் ஒரு வீட்டுக்கு அடுப்பு மூட்டியவளுக்கு, அதே வீட்டில் முதுகு காய ஒரு முழ இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த வீட்டாரை என்ன சொல்லித் திட்டுவது? அச்சில் ஏற்றக்கூடிய வார்த்தை எதுவும் போதாது. வாத்துக்கழுத்து கிராமத்தில் லுவான் வீட்டு மருமகள் யாஜென்னுக்கு நடந்தது அந்த அநியாயம்தான். ஊரே பார்த்தது. பார்த்துக்கொண்டே சூரியகாந்தி விதையைக் கொறித்து, தொலியைத் துப்பிக்கொண்டிருந்தது.

சீனத்தின் வடகிழக்குக் கோடியில், சுங்காரி ஆறு கல்லாகிக் குதிரை வண்டிக்குப் பாதையாகிற சீமை அது. வாசலில் வாளித் தண்ணீரை வீசினால் தரையில் விழும்போது பாத்திரம் உடைகிற சத்தம் கேட்கும். சேவல் கூவுவதற்கு வாயைத் திறந்தால் மூடுவதற்கு மத்தியானம் ஆகும். இந்தக் குளிரில் மனிதர்கள் பிழைத்துக் கிடப்பது காங் மேடையின் புண்ணியத்தில்தான். சன்னலோரமாகச் சுவருக்குச் சுவர் நீளும் செங்கல் மேடை. அடுக்களையில் எரிகிற சோளத்தட்டையின் சூடும் புகையும் சுவரைத் துளைத்து, அந்த மேடையின் வயிற்றுக்குள் ஓடி, மறுகோடியில் புகைபோக்கி வழியாக வெளியேறும். உட்காருவது, உண்பது, உறங்குவது, பிள்ளை பெறுவது, பிராணனை விடுவது எல்லாம் அதன்மேல்தான்.

அடுப்பை ஒட்டிய பக்கம் தலைமுனை. அங்கே படுத்தவர் முதுகில் அப்பம் சுடலாம். மறுகோடி வால்முனை. அங்கே போய்ச் சேர்வதற்குள் சூடு வழியில் படுத்திருக்கிற எல்லாரையும் குசலம் விசாரித்து, கையில் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கும். தலைமுனை வீட்டில் மூத்தவருக்கு. பிறகு வயசு வரிசை. வால்முனை மருமகளுக்கு. இதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தாலாவது யாரேனும் அடித்துத் திருத்தியிருப்பார்கள்.

லுவான் வீட்டில் தலைமுனை மாமனாருக்கு. மாமியார் யாஜென் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொள்ள மாமனாரின் அக்கா, பெரியத்தை, ஒவ்வொரு குளிர்காலமும் மூட்டையோடு வந்து இறங்குவாள். அவளுக்கு இரண்டாவது இடம். மூன்றாவது, யாஜென்னின் புருஷன் பாவ்ஷான். கடைசியில் யாஜென். அவளுக்கு அந்தப் பக்கம் சுவர்; சுவரில் விரல் தடிமனுக்கு வெண்பனி.

ஒரு தை மாதத்து விடியலில் அவளுடைய பின்னல் அந்தச் சுவரோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. தலையை அசைக்க முடியவில்லை. வெந்நீர் ஊற்றினால் விடும் என்றாள் பெரியத்தை. சரிதான். வெந்நீர் வைக்க யாராவது அடுப்பு மூட்ட வேண்டுமே? "யாஜென், எந்திரிச்சு அடுப்பப் பத்த வையி, உன் மயிரைப் பிரிச்சு விடறோம்" என்றார் மாமனார், போர்வைக்குள்ளிருந்து. சத்தியமாகச் சொன்னார். அவள் கத்தரிக்கோலை எட்டி எடுத்துப் பின்னலில் நாலு விரல்கடையைச் சுவருக்கே தானமாக விட்டுவிட்டு எழுந்துபோய் அடுப்பை மூட்டினாள். வசந்தத்தில் சுவர் இளகியபோது அந்த முடி தானாக விழுந்தது. பெருக்கியதும் அவள்தான்.

தலைமுனையில் அவள் உட்கார்ந்ததே இல்லையா என்றால், உட்கார்ந்தாள். கல்யாணத்தன்று மெத்தைக்கு அடியில் அதிர்ஷ்டத்துக்காகக் கோடாரி வைத்து, சிவப்புத் துணி மூடி, அந்த ஊர் வழக்கப்படி மணப்பெண்ணைத் தலைமுனையில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் ஒரு மாதம் தலைமுனைதான். அவளுக்குப் பிள்ளை பிறந்ததோ ஆவணி வெக்கையில். ஈ கூடச் சுருண்டு விழுகிற அந்தப் புழுக்கத்தில் மாமனார் எவ்வளவு பெருந்தன்மையோடு இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு முற்றத்து மரநிழலுக்குப் போனார் தெரியுமா? போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டே போனார்.

பனி விழ ஆரம்பித்தால் மறுபடி வரிசை. மனிதர்களுக்கு அப்புறமாவது அவள் முறை வந்ததா என்றால், அதுவும் கிடையாது. சோயாக் கட்டி புளிக்கவேண்டும், அதற்குத் தலைமுனையில் ஒரு மூலை. அவரை முளை கட்ட வேண்டும், அந்தச் சட்டிக்கு ஒரு மூலை. மாவு உப்ப வேண்டும். வாத்து முட்டைகள் குஞ்சு பொரிக்க வேண்டும், இருபத்து நான்கு முட்டைக்கும் பஞ்சு மெத்தை. ஒரு வருஷம் பெண்பன்றி அகாலத்தில் குட்டி போட்டுவிட, ஒன்பது குட்டிகளும் தலைமுனையில் கிடந்தன. ஒன்பதும்! மாமனார் அவற்றுக்கு நகர்ந்து இடம் கொடுத்தார், பெரியத்தை நகர்ந்தாள், பாவ்ஷான் நகர்ந்தான், நகர்ந்து நகர்ந்து கடைசியில் யாஜென்னின் மூக்கு சுவரைத் தொட்டது. பன்றிக்குட்டிக்கு இருந்த மதிப்பு, பன்றிக்குக் கழுநீர் ஊற்றுகிறவளுக்கு இல்லை.

அவளும் வாய் செத்தவள் இல்லை. செங்கல் சூளையில் தீ பார்க்கிறவருடைய மகள். பத்து வயசில் சூளையின் கண்ணருகே நின்று, உள்ளே நெருப்பு எந்தப் பக்கம் நடக்கிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். சுமக்கவும் தெரியும், அடுக்கவும் தெரியும். ஆனால் லுவான் வீட்டில் அவளை யாரும் அதையெல்லாம் கேட்டதில்லை. "சோறு ஆச்சா?" என்பதைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. ஒரே பிள்ளையும் வளர்ந்து ரயில்வேயில் வேலை கிடைத்துத் தெற்கே போய்விட்டான்.

கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்து நான்காவது வருஷம். ஐப்பசி முடிகிற சமயம். அறுவடை ஆகி, ஆண்கள் எல்லாரும் பூனைக்காலத்துக்குத் தயாராகிவிட்டார்கள். பூனைக்காலம் என்றால் அந்தச் சீமையில் குளிர்காலம். பூனைபோலச் சுருண்டு காங்மேல் கிடந்து, சீட்டாடி, விதை கொறித்து, சோளச் சாராயத்தைச் சுடவைத்துக் குடித்து, வசந்தம் வரை பொழுதைப் போக்குகிற காலம். பெண்களுக்குப் பூனைக்காலம் கிடையாது. பூனைக்குப் பால் ஊற்ற ஆள் வேண்டாமா?

யாஜென் அன்று முந்நூறு முட்டைக்கோஸை வெந்நீரில் முக்கி, புளிக்கிறதற்குச் சாடியில் அடுக்கி, மேலே கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்தாள். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. காங்மேல் மாமனாரும் கூட்டாளிகள் மூன்று பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, இந்தக் குளிருக்கு நான் தலைமுனைப் பக்கம் படுத்துக்கறேன். முட்டி ரெண்டும் விறைச்சுப் போவுது. கெணத்துல வாளிய இழுத்துட்டு நிமிர முடியல."

மாமனார் சீட்டைத் தூக்கின கையோடு நின்றார். "முட்டியா? எனக்கு எழுபத்தொண்ணு ஆவுது. எனக்கு எத்தன முட்டின்னு நெனச்சே?"

"ரெண்டுதான் மாமா. ரெண்டும் இருபத்து மூணு வருசமா வெந்துகிட்டுதான இருக்கு."

சீட்டாடிகள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. கிழவர் முகம் சுருங்கிச் சிவந்து, உலர்ந்த மிளகாய் மாதிரி ஆயிற்று.

"கேட்டுக்கங்கப்பா! லுவான் வீட்டு ஆம்பள வால்முனையில படுக்கை விரிச்சதா சரித்திரம் உண்டா? என் பொணம்கூட அங்க கெடக்காது. வால்முனை மருமக எடம். அவ எடத்துக்கு நாங்க வரமாட்டோம், எங்க எடத்துக்கு அவ வரக்கூடாது. தலையில சத்தியம்!" சீட்டை அறைந்தார். அந்த ஆட்டத்தில் தோற்றார் என்பது வேறு விஷயம்.

பாவ்ஷான் அடுக்களைக்கு வந்து முணுமுணுத்தான். "எதுக்கு அவருகிட்டப் போயி வாயக் குடுத்தே? வசந்தம் வந்தா தன்னால சூடாயிரும்."

"வசந்தம் வந்தா ஊர்க் கழுதைக்கெல்லாம்தான் சூடாவும். நீ ஒரு வார்த்த சொன்னியா?"

"நான் சொல்லி அவரு எப்பக் கேட்டாரு?"

"நீ எப்பச் சொன்னே?"

அவன் விறகு பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே போனான். விறகு பார்க்கவும் செய்தான். பார்த்ததோடு சரி.

அந்த வாரமே காங் அடைத்துக்கொண்டது. புகை உள்ளே போகாமல் அடுப்பு வாய் வழியாக அடுக்களைக்கே திரும்பியது. நாலைந்து வருஷக் கரி கட்டிக்கிடந்தால் அப்படித்தான். மேடையை உடைத்து, கரியை அள்ளி, புதுசாகக் கட்டவேண்டும். மண் உறைவதற்குள் முடித்தாக வேண்டும். அதற்குள் பெரியத்தையின் பேத்திக்குக் கல்யாணம் வந்தது. மாமனாரும் பாவ்ஷானும் டிராக்டரில் ஏறிக் கிளம்பினார்கள். நாலு நாள். திரும்புகிறபோது பெரியத்தையையும் கூட்டிவருவார்கள்.

"கொத்தன் சுங்கைக் கூப்பிட்டுக் காங்கைக் கட்டி வையி. நாங்க வரும்போது காஞ்சிருக்கணும்" என்றார் மாமனார், டிராக்டர் மேலிருந்து. கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடத் தோன்றவில்லை. தோன்றாததே நல்லதாயிற்று.

சுங் கொத்தனாருக்கு ஒற்றைக் கண். சுண்ணாம்பு தெறித்துப் போனது மற்றது. காங் கட்டுகிறவனை வயிறார வைக்காவிட்டால் புகை வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் என்பது அந்த ஊர் வேதம். யாஜென் முட்டைக்கோஸோடு பன்றிக்கொழுப்பை வேகவைத்து, சேமியா போட்டு, சாராயத்தைச் சூடாக்கி முன்னால் வைத்தாள். அவர் மூன்றாவது கிண்ணத்தில் இருக்கும்போது சொன்னாள்.

"அண்ணே, இந்தத் தடவ வேற மாதிரி கட்டணும். அடுப்பு வாயிலேருந்து நடுவுல ஆழமா ஒரே வாய்க்கா. வால்முனை வரைக்கும் நிக்காமப் போவணும். மேல சாண் கனத்துக்குக் களிமண்ணு. வால்முனையிலதான் நெருப்பு தலையத் தூக்கணும். அங்கனயே சுத்திப் படர்ந்து, மிச்சம் மீதி தலைமுனைக்குப் போயி எட்டிப் பாத்துட்டு, ஓரமாத் திரும்பி வந்து புகைபோக்கியில ஏறட்டும்."

சுங் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அம்மாடி! தலைய வாலாக்கி வால தலையாக்கச் சொல்றியா? கிழவன் என் தோல உரிச்சு மத்தளம் கட்டிருவாரு."

"உங்க தோலு அவ்வளவு நல்லாவா இருக்கு? ஓட்டை மத்தளத்த யாரு கட்டுவா?"

"பேசுவ. நான் இத்தன வருசத்துல எந்தக் காங்கையும் இப்பிடிக் கட்டினதில்ல."

"நீங்க கட்ட வேணாம். உக்காந்து சாப்புடுங்க. நான் கட்டறேன். யாரு கேட்டாலும் சுங் கட்டினதுன்னு மட்டும் சொல்லுங்க."

சுங் யோசித்தார். சட்டியில் இன்னும் கறி இருந்தது. "எனக்கு ஒத்தக் கண்ணு. அந்தக் கண்ணும் இப்ப கிண்ணத்தப் பாத்துகிட்டிருக்கு. மேடையில என்ன நடக்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

யாஜென் மேடையைக் கடப்பாரையால் பிளந்தாள். இருபத்து மூன்று வருஷம் மனசுக்குள் இருந்த அடி எல்லாம் அந்தச் செங்கல்மேல் விழுந்தது. பதினேழு கூடை கரி வெளியே போயிற்று. ஏரிக்கரையிலிருந்து களிமண் சுமந்து, வைக்கோல் நறுக்கிப் போட்டு மிதித்துக் குழைத்தாள். சுங் இரண்டாம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர், கட்டின வாய்க்காலைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, தானே இறங்கி இரண்டு வரிசை அடுக்கிக் கொடுத்தார். "என் கண்ணு பாக்கல. கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார். மேலே பலகைக்கல் பாவி, மெழுகி, ஒன்றரை நாள் விடாமல் அடுப்பெரித்தார்கள். புகை ஒரு இழைகூட வெளியே கசியவில்லை. வால்முனையில்தான் களிமண் முதலில் வெளுத்துக் காய்ந்தது. யாஜென் அதன்மேல் கையை வைத்தாள். சட்டென்று எடுக்க வேண்டியிருந்தது.

அவர்கள் திரும்பிவந்த அன்றுதான் முதல் பெரும்பனி. மாமனார் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுத் தலைமுனையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கையை இப்படியும் அப்படியும் தடவினார்.

"என்ன இது, ஆறிப்போன கஞ்சி மாதிரி இருக்கு?"

"புதுக் காங் இல்லியா மாமா. ஈரம் காயணும்."

காயட்டும் என்று காத்திருந்தார்கள். பத்து நாள் ஆயிற்று. மாமனார் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டார். பதினைந்து நாள் ஆயிற்று. பெரியத்தை வைத்த மாவு உப்பவில்லை, அவரை முளைக்கவில்லை. "இந்த வருசம் அவரையே சரியில்ல" என்றாள். பாவ்ஷான் ஒரு கட்டுக்கு மூன்று கட்டுத் தட்டையைக் கொண்டுவந்து போடச் சொன்னான். யாஜென் போட்டாள். போடப் போட வால்முனை கொதித்தது. அவள் போர்வையை விலக்கிவிட்டு, ஒற்றைச் சட்டையோடு மல்லாந்து கிடந்தாள். முட்டி ரெண்டும் வெண்ணெய் மாதிரி மடங்கின.

பூனைதான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஆறு வருஷமாகக் கிழவரின் காலடியைத் தவிர வேறிடம் அறியாத கிழட்டுப் பூனை, எழுந்து சோம்பல் முறித்து, மூன்று பேரையும் தாண்டி நடந்து வால்முனையில் போய் விழுந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் பக்கத்து வீட்டு தாஃபெங் செருப்புத் தைக்க நூல் கேட்டு வந்தாள். யாஜென் பக்கத்தில் உட்கார்ந்தவள் துள்ளி எழுந்தாள்.

"அடியாத்தி! பின்னாடி வெந்தே போச்சுடி! என்னடி இது, வால்முனையா வாணலியா?"

யாஜென் கண்ணைக் காட்டினாள். தாஃபெங்குக்குக் கண்ஜாடை புரிந்தது; ஆனால் வாய் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. கிழவர் காதில் விழுந்துவிட்டது. அவர் முழங்காலிட்டு, கையால் தடவித் தடவி, நாலு ஆள் நீளத்தையும் தவழ்ந்து வந்தார். வால்முனையில் கை வைத்தார். எடுத்தார். வாயில் வைத்து ஊதிக்கொண்டார்.

"கூப்பிடு அந்தக் குருட்டுப் பயல!"

சுங் வந்தார். வாசல்படியிலேயே நின்றுகொண்டார். "நானா? நான் சாப்பிட்டுகிட்டு இருந்தேன். நெருப்பு எந்தப் பக்கம் போவும்னு என்னைக் கேட்டா? அது மனுசப் பயலா, வயச மதிச்சு நடக்க?"

"நான்தான் கட்டினேன் மாமா" என்றாள் யாஜென்.

பெரியத்தைதான் ஆரம்பித்தாள். "பாத்தியா, நெஞ்சழுத்தக்காரி! பெரியவங்களக் குளிர்ல வாட்டிட்டு இவ மட்டும் வேர்த்து வேர்த்துக் கெடந்திருக்காளே! எங்க காலத்துல மருமக இப்பிடியா?"

"உங்க காலத்துல நீங்களும் மருமகளா வால்முனையிலதான பெரியத்தை கெடந்தீங்க? உங்க முடி செவுத்துல ஒட்டலியா?"

பெரியத்தை தன் கொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"ஒடை!" என்று கத்தினார் கிழவர். "இப்பவே ஒடைச்சு, முன்ன மாதிரி கட்டு!"

"ஒடைச்சரலாம்" என்றார் சுங், நிலைப்படியில் சாய்ந்தபடி. "களிமண்ணுக்கு எங்க போறது?"

கிழவர் விடவில்லை. மகனையும் கூட்டிக்கொண்டு கடப்பாரையோடு ஏரிக்கரைக்குப் போனார். கடப்பாரை விழுந்த இடத்தில் பொறி பறந்தது, மண் பெயரவில்லை. அரை நாள் கொத்தி, ஒரு தொப்பி அளவு மண் கொண்டுவந்தார்கள். உள்ளே கொண்டுவந்து வைத்ததும் அதில் பாதி உருகித் தண்ணீராக ஓடியது. இனிச் சித்திரையில்தான் மண்வெட்டிக்கு மண் மசியும். அதுவரை உடைத்தால் யாருக்கும் காங் இல்லை. பூனைக்காலம் முழுக்க வெறும் தரையில் கிடக்கலாம்.

அன்று சாயங்காலம் பாவ்ஷான் அதிகாரத்தை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தான். சட்டை கொஞ்சம் பெரிசுதான் அவனுக்கு. "யாஜென், அப்பாவுக்கு எடத்தக் குடு. நீ தலைமுனைக்குப் போ. நீ கேட்டதும் அதுதான?"

"நான் கேட்டப்ப என்ன சொன்னாரு? அவ எடத்துக்கு நாங்க வரமாட்டோம்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணல? ஊர்ல மூணு பேரு சாட்சி இருக்காங்க. கூட்டிட்டு வரட்டா?"

"அப்ப காங் வேற மாதிரி இருந்துச்சு."

"எனக்கு ஒரே மாதிரிதான் இருந்துச்சு. இருபத்து மூணு வருசமும்."

கிழவர் தலைமுனையிலேயே கிடந்தார். சொன்ன சொல் ஒருபக்கம், குளிர் ஒருபக்கம். நடுவில் மூக்கு மட்டும் வெளியே தெரியப் போர்வை. நாய்த்தோல் தொப்பியைக் காது வரை இழுத்துக் கட்டிக்கொண்டு படுத்தார். சாப்பிடுகிறபோதும் கழற்றவில்லை. சீட்டாட வந்த கூட்டாளிகள் முதல் நாள் மரியாதைக்காக அவர் பக்கம் உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள் "இங்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்று நடுவுக்கு நகர்ந்தார்கள். மூன்றாம் நாள் மொத்தச் சீட்டாட்டமும் வால்முனையில் நடந்தது. கிழவர் அங்கிருந்தபடியே சீட்டை வீசி எறிந்து விளையாடினார். பாதிச் சீட்டு தவறி அடுக்களைக்குள் போயிற்று.

பெரியத்தை முதலில் கவிழ்ந்தாள். அவள் சத்தியம் எதுவும் பண்ணவில்லையே. மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து, பாவ்ஷானைத் தலைமுனைப் பக்கம் தள்ளிவிட்டு, யாஜென் பக்கத்தில் போட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஒண்ணும் குளிரல. உனக்குப் பேச்சுத் துணைக்கு."

"பேசுங்க பெரியத்தை."

இரண்டு நிமிஷத்தில் குறட்டை கேட்டது.

மார்கழிக் கடைசியில், குளிர்காலத்தை ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுகிற அந்த ஊரில் மூன்றாம் ஒன்பது என்று சொல்கிற கடுங்குளிர் வந்தது. சன்னல் கண்ணாடியில் பனி உள்பக்கமே அங்குலக் கணக்கில் ஏறியது. ஏழு நாள் கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பல் அவர் சொல்லைக் கேட்காமல் தானாக அடித்துக்கொண்டது. தெருவில் போகிறவர்கள் யாரோ வீட்டுக்குள் சோயா வறுக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். எட்டாம் நாள் சாயங்காலம், சாப்பாட்டுப் பலகையை எடுத்த பிறகு, அவர் மெத்தையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். தொப்பியோடு தள்ளாடி நடந்து வந்து, வால்முனையில் யாஜென்னின் தலைமாட்டில் நின்றார். மெத்தையை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார். நின்றார். அவள் எழுந்து போவாள் என்று நின்றார்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். யாஜென்னின் கை தன்னையறியாமல் போர்வை நுனிக்குப் போயிற்று. எத்தனை வருஷப் பழக்கம் அது! பெரியவர் நின்றால் எழுவது, கை நீட்டினால் கொடுப்பது, நகரு என்று சொல்வதற்கு முன் நகர்வது. கிழவரின் உதடு நீலமாக இருந்தது. அதையும் பார்த்தாள். இரக்கம் வந்தது. வரத்தான் செய்யும், மனுஷி அல்லவா. ஆனால் அந்த இரக்கத்தைத்தானே இத்தனை காலம் எல்லாரும் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள்?

கையைப் போர்வையிலிருந்து எடுத்தாள்.

"பெரியத்தைக்கு அந்தாண்ட எடம் இருக்கு மாமா. சூடு நல்லாவே வருது. மெத்தையக் குடுங்க, நான் விரிக்கறேன்."

"மூத்தவன் நான் நிக்கறேன்..." கிழவருக்குக் குரல் நடுங்கியது. குளிரிலா கோபத்திலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"தெரியுது மாமா. அதனாலதான் விரிச்சுத் தரேன்றேன். இந்த எடத்த விடமாட்டேன்."

"டேய், வந்து படுடா!" என்றாள் பெரியத்தை, தம்பியைப் பார்த்து, போர்வைக்குள்ளிருந்து. "எழுபத்தொரு வயசுல நின்னுகிட்டேவா சாவப்போற? சத்தியத்த நான் பாத்துக்கறேன். இது வால்முனையே இல்ல, நடு."

கிழவர் அக்காவுக்கு அந்தப் பக்கம் படுத்தார். தொப்பியைக் கழற்ற இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் தலைமுனையில் மிஞ்சியவன் பாவ்ஷான் ஒருவன்தான். அவனுக்கும் முன்னேற ஆசைதான். சூடான பக்கத்தில் நாலு பேருக்கு நீளம் வேண்டுமே. மூத்தவர்களைத் தாண்டி வந்து படுக்க அவன் வளர்ந்த வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை.

பொழுது விடிந்தது. யாஜென்னுக்கு வழக்கமான நேரத்தில் விழிப்புத் தட்டிவிட்டது. எழவில்லை. அடியில் செங்கல் இன்னும் கதகதவென்று இருந்தது. வலது பக்கம் ஒரு குறட்டை நின்றது, அடுத்த குறட்டையும் நின்றது. எல்லாரும் விழித்துக்கொண்டு, அடுக்களையில் சத்தம் கேட்பதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

"அடுப்பு மூட்டலியா?" என்றார் கிழவர் கடைசியில்.

"எனக்குக் குளிரல மாமா. யாருக்குக் குளிருதோ அவங்க மூட்டட்டும்."

"எனக்கும் குளிரல" என்றாள் பெரியத்தை அவசரமாக, போர்வையை இழுத்துக்கொண்டு.

கிழவர் யோசித்தார். "எனக்கும்... பரவால்ல" என்றார்.

தலைமுனையில் பாவ்ஷானின் மூச்சு வெள்ளையாக மேலே போயிற்று. பிறகு பெருமூச்சு. பிறகு பூட்ஸைத் தேடுகிற சத்தம்.

"தீப்பெட்டி எங்க?"

"அடுப்பு மேல, மாடத்துல."

"தட்டை?"

"வெளியில. இருபத்து மூணு வருசமா வெளியிலதான் இருக்கு."

கதவு திறந்தது. குளிர் ஒருமுறை வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பனிமேல் காலடி கிறீச்சிட்டது. திரும்பி வந்தான், இருமினான், எதையோ தட்டிவிட்டான், அடுப்பின் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான்.

"மொதல்ல சோளச் சக்கை, அப்புறந்தான் தட்டை" என்று படுத்தபடியே குரல் கொடுத்தாள் யாஜென். "ஊதாத. தள்ளி உக்காரு. தானா இழுக்கும்."

இழுத்தது. மேடைக்கு அடியில் உறுமிக்கொண்டு கிளம்பிய நெருப்பு, காலியான தலைமுனையைத் தாண்டி, கிழவரைத் தாண்டி, பெரியத்தையைத் தாண்டி வந்து, அவள் முதுகுக்குக் கீழே மெதுவாக மேலெழும்பியது.

முகமெல்லாம் கரியோடு பாவ்ஷான் அடுக்களைக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தான். கண் இரண்டும் நீர் கட்டிச் சிவந்திருந்தது. "போதுமா?"

யாஜென் மறுபக்கம் புரண்டு படுத்தாள்.

"இன்னும் ரெண்டு கட்டுப் போடு."